தெரியாம இருக்கறதுதான் லாபமா?

போன கோடைல அப்பாவும் அம்மாவும் பிட்ஸ்பர்க் வந்திருந்தாங்க. பெருமாள் கோயில் பார்த்தாச்சு, ஆத்துல படகு சவாரி ஆச்சு. ஒரு சனிக்கிழமை ஆணி புடுங்கற வேலை எதுவும் இல்லாததால, பக்கத்துல ஹோம்ஸ்டெட்ல இருக்கற வாட்டர்ஃப்ரன்ட் மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க பன்னெண்டு செங்கல் புகைபோக்கி வரிசையா நிக்கும். அதைப் பார்த்துட்டு அப்பா, "ஏம்பா, இங்க சூளை போட்டிருந்தாங்களா?"ன்னார்.

சூளை இல்லீங்க, இரும்பாலை. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல 15,000 பேர் வேலை பார்த்த இடம். 1986ல மூடிட்டாங்க. 1999ல அங்கயே மால் வந்துடுச்சு.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நின்னார். எங்க ஊர் ராணிப்பேட்டை. அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும்.

எங்க சிப்காட்ல ஒரு குரோமேட் தொழிற்சாலை இருந்தது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மூடியாச்சு. ஆனா ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவை அப்படியே குவிச்சு வச்சுட்டுப் போயிட்டாங்க. மழையில கரைஞ்சு நிலத்தடித் தண்ணியில கலந்தது. 2006ல உலகத்துலயே ரொம்ப மாசுபட்ட பத்து இடங்கள்னு ஒரு பட்டியல் போட்டாங்க, அதுல செர்னோபிலோட எங்க ஊரும் இருந்தது. என்ன ஒரு பெருமை :-(

இங்க எப்படி முடிஞ்சதுன்னு தேடிப் படிச்சேன். (நான் பொட்டி தட்டறவன், கெமிஸ்ட்ரில அரியர் வச்சவன். தப்பிருந்தா திருத்துங்க.)

நான் நினைச்ச மாதிரி காசு மட்டும் பிரச்சனை இல்ல, பயமும்தான். 1980ல வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, விஷத்தைக் கொட்டினது யாரா இருந்தாலும், இன்னைக்கு நிலம் யார் பேர்ல இருக்கோ அவன் தலையிலயும் செலவு விழலாம். அப்புறம் எவன் வாங்குவான்? ஆலை மூடின ஊர்ல வரி வருமானமும் போச்சு, நிலத்தை வாங்கவும் ஆள் இல்ல. மண்ணுல என்ன இருக்குன்னு பார்க்கக்கூட நகராட்சிகிட்ட பணம் இல்ல.

இதை ரெண்டு விதமா அவிழ்த்தாங்க. ஒண்ணு சட்டம். 1995ல பென்சில்வேனியா, எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணா பொறுப்பு முடியும்னு எழுதி வச்சது. 2002ல மத்திய சட்டம், முன்கூட்டியே முறையா சோதிச்சு வாங்கறவனுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ரெண்டாவது, சின்னப் பணம். 1990கள்ல சுற்றுச்சூழல் துறை ஆரம்பிச்ச முன்னோடித் திட்டத்துல ஒரு ஊருக்கு அதிகபட்சம் ரெண்டு லட்சம் டாலர்தான். அது சுத்தம் பண்றதுக்கு இல்ல, முக்கியமா என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்கு. தெரியாத விஷத்துக்கு விலை போட முடியாது, தெரிஞ்சதுக்குப் போடலாம். அவ்ளோதான் சூட்சுமம்.

"கொட்டினவன் கட்டட்டும், அரசாங்கம் ஏன் செலவு பண்ணணும்?"னு கேட்பீங்க. நியாயம்தான், அவன்கிட்டதான் வசூலிக்கணும். ஆனா அவன் கிடைக்கற வரைக்கும் சோதனையே பண்ண மாட்டோம்னா, மழை கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்காதே.

இங்கயும் எல்லாம் தேனும் பாலும் இல்ல. மாலுக்கு இந்தப்பக்கம், தண்டவாளத்தைத் தாண்டினா பழைய கடைவீதியில பூட்டின கதவுகளைப் பார்க்கலாம். அப்புறம், கார் நிறுத்தற இடத்துக்குப் போதுமான சுத்தம் குழந்தைங்க விளையாடற தோட்டத்துக்குப் போதாது. அதனால என்னென்ன செய்யக்கூடாதுன்னு நிலப் பத்திரத்தோடயே பதிவு பண்ண 2007ல பென்சில்வேனியாவுல சட்டம் வந்தது. நம்மூர்லயும் இது வில்லங்கச் சான்றுல வரணும்ங்கறது என் கட்சி.

நம்ம நாட்டுலயும் 2025 ஜூலைல மாசுபட்ட இடங்களுக்குன்னு விதிகள் வந்திருக்கு. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியல் போட்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பணும். நல்ல விஷயம். ஆனா குப்பை வண்டிக்கு டீசல் போடவே யோசிக்கற நகராட்சி, எந்தக் காசுல மண்ணைச் சோதிக்கும்? பேரை எழுதினா ஊர்ல மனை விலை விழும், கவுன்சிலர் வீட்டு வாசல்ல கூட்டம் கூடும். தெரியாம இருக்கறதே லாபம்னு விட்டுடுவாங்க. அதனால சோதனைக்கான பணத்தைத் தனியா ஒதுக்கி உள்ளாட்சி கையில கொடுக்கணும். இல்லன்னா பட்டியல் காலியாத்தான் வரும்.

கவுன்சிலரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? சிப்காட் பக்கத்துல எங்களுக்கு அஞ்சு சென்ட் மனை இருக்கு, கிணத்தோட. அன்னைக்கு திரும்பி வரும்போது கார்ல, "தண்ணிய ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாம்பா"ன்னேன்.

அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துட்டு இருந்தார். "பண்ணி, ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துட்டான்னா? அப்புறம் யார்றா வாங்குவான்? உங்கம்மா ஆபரேஷனுக்கு அதை நம்பித்தானே இருக்கோம்?"

பதில் சொல்லத் தெரியல. இன்னும் டெஸ்ட் பண்ணல. வாங்கப் போறவன் வீட்டுலயும் ஒரு குழந்தை இருக்குமேன்னு மட்டும் அப்பப்போ தோணுது.

நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?