திருவாரூரில் கணிதம் படிக்க இந்தியில் தேர்வு எழுதலாம், தமிழில் எழுதக் கூடாதா?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகளில் சேர, கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வை 2022 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்திவருகிறது. இதில் எம்.எஸ்சி. கணிதத்துக்கான வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் லக்னோ மாணவர், கேள்வியைத் தன் தாய்மொழியில் படித்து விடை குறிக்கலாம். அதே திருவாரூரில் பிறந்து தமிழ் வழியில் படித்த மாணவிக்கு அந்த உரிமை கிடையாது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களின் நிலையும் இதுதான். இதை எதிர்த்தே இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. குடியிருப்பது மணலிக்குப் பக்கத்தில், மாத்தூரில். இந்தப் பகுதியில் அப்பாமார்கள் மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கிறார்கள்; எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, வியாசர்பாடிக்கும் பிராட்வேக்கும் பஸ் ஏறிப் போய் பி.எஸ்சி. கணிதம் முடிக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி அவர்கள்தான். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சிலர் மாலையில் நோட்டும் பழைய வினாத்தாளுமாக என்னிடம் வருவார்கள்.

கல்லூரியில் அவர்கள் கணிதம் கற்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் தேற்றத்தைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவார், விளக்குவது தமிழில். பிள்ளைகள் தேற்றத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்வார்கள், யோசிப்பது தமிழில். வகையிடல், தொகையிடல், அணிக்கோவை, திசையன் என்று பள்ளியிலேயே பழகிய சொற்கள் அவர்களிடம் உண்டு. குறியீடுகள் எல்லா மொழிக்கும் பொது. கணக்கு என்னவோ அவர்களுக்கு வருகிறது. சிக்கல் வருவது கேள்வியின் கடைசி வரியில்.

ஓர் உதாரணம் தருகிறேன். மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணி. அதை அதனாலேயே பெருக்கினால் அதே அணிதான் கிடைக்கிறது. அது அலகு அணியும் அல்ல, பூச்சிய அணியும் அல்ல. நான்கு கூற்றுகள் கொடுக்கப்பட்டுள்ளன: அதன் அணிக்கோவை பூச்சியம், அதன் ஐகென் மதிப்புகள் 0, 1 மட்டுமே, அலகு அணியிலிருந்து அதைக் கழித்தால் வரும் அணிக்கும் இதே பண்பு உண்டு, முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 1. இவற்றில் எது உண்மையாக இருந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லை?

விடை நான்காவது. அந்தக் கூடுதல் 1 ஆகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம். இந்த மாதிரிக் கணக்கை ஆங்கிலத்தில் படித்த மாணவி ஒருத்தி, எந்தக் கூற்று ஒருபோதும் உண்மையாகாது என்று கேட்பதாக எடுத்துக்கொண்டாள். அப்படி ஒரு கூற்று அந்த நான்கில் இல்லவே இல்லை. முதல் மூன்றையும் அவளாகவே நிறுவினாள். நான்காவதற்கு ஓர் அணியை எழுதிப் பார்த்தாள். கூடுதல் 1 வந்தது, அதுவும் சரிதானே என்று நின்றுவிட்டாள். கேள்வியைத் தமிழில் சொன்னேன். உடனே இன்னோர் அணியை எழுதி, கூடுதல் 2 என்று காட்டினாள். நேரியல் இயற்கணிதத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

தேர்வறையில் தமிழில் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 2025-இல் இந்தத் தேர்வுக்கு 75 கேள்வி, 90 நிமிடம். ஒரு கணக்குக்கு 72 விநாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிப்பார்கள். கேள்வியை இரண்டாம் முறை படிக்க நேர்கிறவர் அந்த 72 விநாடியில் கணிசமான பங்கை அங்கேயே இழந்துவிடுகிறார். இந்தி வழியில் படித்தவருக்கு இந்த இழப்பு இல்லை. இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அதையாவது பொது விதி என்று சொல்லலாம். ஐஐடிகள் எம்.எஸ்சி.க்கு நடத்தும் ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். அதன் மீதும் எனக்குக் குறை உண்டு. ஆனால் அது ஒரு மொழிக்காரருக்குக் கதவைத் திறந்து இன்னொருவருக்கு அடைக்கவில்லை.

முதுகலை படிக்க வருகிறவருக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். எம்.எஸ்சி. வகுப்பைத் தமிழில் நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகு இரண்டு ஆண்டில் அந்த ஆங்கிலத்தை இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், கற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் வைக்கும் கணிதத் தேர்வு கணிதத்தை மட்டும் அளக்கட்டும். ஆங்கிலம் இல்லாமல் முடியாது என்பதுதான் காரணமென்றால், இந்தியில் எழுதுகிறவருக்கு மட்டும் அது எப்படிப் பொருந்தாமல் போனது?

மொழிபெயர்க்க முடியாது என்பதும் நிற்காது. இதே முகமை 2021 முதல் ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்துகிறது. தொகைநுண்கணிதமும் முப்பரிமாண வடிவியலும் அதில் தமிழில் வருகின்றன. இளநிலைக்கான கியூட் தேர்வும் 13 மொழிகளில் நடக்கிறது. இளங்கலை வாசலில் இருந்த தமிழ், மூன்று ஆண்டு கழித்து முதுகலை வாசலில் இல்லாமல் போவதற்கு முகமை ஒரு காரணமும் சொல்லவில்லை. பாடத்திட்டம் ஆங்கிலமாக இருந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத மாணவர்களை அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதே, அது நுழைவுத் தேர்வுக்குப் பொருந்தாதா?

மொழிபெயர்ப்பை ஏனோதானோவென்று செய்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். சிபிஎஸ்இ நடத்திய 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையானவை என்று வழக்குத் தொடரப்பட்டது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஜூலையில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் அந்த மாணவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனவே தமிழ் வினாத்தாளை இங்கே கணிதம் கற்பிக்கிற பேராசிரியர்களே எழுதிச் சரிபார்க்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உயர்தரத் தேர்வின் இணைந்த கணிதத்தைப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதுகிறார்கள். சொல் இல்லை என்கிற சாக்கை ஏற்க முடியாது.

மாநில அரசிடமும் கேட்க இருக்கிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும் ஆங்கிலத்தில்தான். வேலையும் நேரமும், இலாப நட்டம், சதவீதம் என்று எட்டாம் வகுப்பிலிருந்து தமிழில் போட்டு வந்த கணக்குகளை அங்கே ஆங்கிலப் பத்திகளுக்குள் தேட வேண்டியிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் போட்ட மாநிலம் இது. வேலைக்கு வரும்போது தமிழ் வழியை மதிக்கிற அரசு, மேற்படிப்புக்குப் போகும்போது கைவிடலாமா? டில்லியிடம் தமிழ் வினாத்தாள் கேட்கும் அதே கையோடு டான்செட்டையும் இரு மொழியில் கொண்டுவர வேண்டும். டான்செட்டுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கியூட் முதுநிலைத் தேர்வுக்கான அடுத்த அறிவிக்கை வெளியாவதற்கு முன் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ளிட்ட பாடங்களின் வினாத்தாளில் தமிழ் சேர்க்கப்பட வேண்டும். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே ஆண்டில் முடியாவிட்டால் கணிதத்தில் தொடங்கட்டும். அதில் மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்கள் குறைவு. வட சென்னைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் திருவாரூரை உள்ளடக்கிய நாகப்பட்டினம் தொகுதியின் உறுப்பினரும் இதைக் கல்வி அமைச்சரிடம் அவையில் கேள்வியாக எழுப்பி, எழுத்துபூர்வமான பதிலைப் பெற்றுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மாத்தூர், சென்னை.