தலைக்கு மேல் இருப்பது பாராசூட் இல்லை

“பறக்கும் முறைகளிலேயே மிகவும் பாதுகாப்பானது பாராமோட்டார்தான். எஞ்சின் நின்றால் என்ன? பாராசூட்தான் ஏற்கெனவே தலைக்கு மேல் விரிந்திருக்கிறதே!”

விற்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். பயிற்சி தருபவர்களிலும் பலர் சொல்கிறார்கள். நேற்றுப் பறக்கக் கற்றவர் இன்று காணொளி போட்டு அதையே சொல்கிறார். பல ஆண்டுகளாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. இதை நம்பி முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொள்பவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தவறாகக் கற்றுக்கொள்கிறார். பயம் தவறான இடத்தில் இருந்தால் அவர் வாங்கும் கருவியும் தவறாகத்தான் இருக்கும்.

பாராமோட்டாரைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே துணியாலான இறக்கை. அதிலிருந்து கயிறுகளில் தொங்கும் இருக்கை. பறப்பவரின் முதுகில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதன் பின்னால் ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு ஒரு ப்ரொப்பல்லர், அதைச் சுற்றி ஒரு கூண்டு. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து, முப்பது கிலோ. அதைச் சுமந்தபடி ஓடி மேலே எழும்ப வேண்டும், கால்களில் இறங்க வேண்டும்.

“மிகவும் பாதுகாப்பானது” என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? அமெரிக்காவில் பாராமோட்டாருக்குப் பதிவும் இல்லை, பறப்பவருக்கு உரிமமும் இல்லை. எத்தனை பேர் பறக்கிறார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் பறக்கிறார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்றே தெரியாத பள்ளி தேர்ச்சி விகிதத்தை விளம்பரம் செய்வது போன்றது இது.

அடுத்து அரசைச் சாட்சிக்கு அழைப்பார்கள். “ஆபத்து இருந்தால் அரசு உரிமம் இல்லாமல் விட்டிருக்குமா?” விட்டது ஏன் என்பது 1982இல் அமெரிக்க விமானத் துறை கொண்டுவந்த 103ஆம் பகுதி விதிகளைப் படித்தாலே புரியும். இயந்திரத்தின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் ஐந்து கேலனைத் தாண்டக் கூடாது. ஒருவர் மட்டுமே பறக்கலாம், அதுவும் பொழுதுபோக்குக்காக மட்டும். மக்கள் நெருங்கி வாழும் இடங்களுக்கு மேலே பறக்கவே கூடாது. இந்த நிபந்தனைகள் எல்லாம் கீழே நிற்பவரைக் காக்கப் போட்டவை. மேலே இருப்பவரின் உயிரை அவருடைய பொறுப்பிலேயே அரசு விட்டுவிட்டது. அதோடு, பேராபத்து நேரக்கூடிய நிலையில் திறப்பதற்கான பாதுகாப்புக் கருவிகளின் எடையை அந்த 254 பவுண்டில் சேர்க்க வேண்டாம் என்றும் அதே விதி சொல்கிறது. பாராசூட் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது என்று விதியை எழுதியவர்கள் நினைக்கவில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் இதே கருவிக்கு உரிமம் வேண்டும். அந்த நாடுகளை மட்டும் இவர்கள் சாட்சிக்கு அழைப்பதில்லை.

இப்போது அந்தப் பாராசூட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான்.

வட்ட வடிவ அவசரப் பாராசூட் செய்வது ஒரே வேலை. காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. பாராமோட்டாரின் இறக்கையோ பறக்கிறது. முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியாகக் காற்று புகுந்து அறைகளை நிரப்புகிறது. அந்த அழுத்தம்தான் அதற்கு எலும்பு, வேறு சட்டம் கிடையாது. முன்னோக்கிய வேகம் இருக்கும்வரை அது இறக்கை. வேகம் போனால் துணி. கொந்தளிப்பான காற்று முன்விளிம்பை மடக்கினாலும் துணிதான். ஒரு பக்கம் மட்டும் மடங்கினால் மறுபக்கம் ஆளை வட்டமாக இழுத்துக்கொண்டு போகும். உயரம் இருந்தால் மீளலாம். இருபது மீட்டரில் மீள முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இந்த இறக்கையோடு தனியாக ஒரு ரிசர்வ் பாராசூட்டையும் இருக்கையில் கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் விரிந்து நிற்க உயரம் வேண்டும்.

எஞ்சின் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். நல்ல உயரத்தில், அமைதியான காற்றில், கீழே வெட்டவெளி இருக்கும்போது நின்றால் சறுக்கி இறங்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கும் நேரத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. புறப்பட்டுச் சில வினாடிகளில், முழு விசையில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆள் இறக்கைக்குச் சற்று முன்னால் தள்ளப்பட்டிருப்பார். அந்த நேரத்தில் விசை அறுந்தால் ஆள் பின்னால் ஊசலாடுவார், இறக்கை முன்னால் பாயும். இழந்த வேகத்தை மீட்கக் கீழ்நோக்கிப் போவதைத் தவிர அதற்கு வழி இல்லை. பத்துப் பதினைந்து மீட்டரில் அதற்கு இடம் ஏது? பயந்து இரண்டு பிரேக்கையும், அதாவது இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் கைக்கயிறுகளை, இழுத்துப் பிடித்தால், இருக்கும் கொஞ்ச வேகமும் போய்விடும். “பாராசூட் இருக்கிறது” என்று சொல்லித்தந்தவர் அந்த இரண்டு வினாடியில் பக்கத்தில் இருக்க மாட்டார்.

எஞ்சின் நிற்பதைவிட, அது ஓடிக்கொண்டே இருப்பதால் வரும் ஆபத்தைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. ப்ரொப்பல்லர் ஒரு பக்கம் சுழன்றால், கூண்டும் அதில் கட்டப்பட்ட ஆளும் எதிர்ப்பக்கம் திருகப்படுவார்கள். எடை குறைந்தவர் முதுகில் வலுவான எஞ்சினைக் கட்டி, மெதுவாகப் பறக்கும்போது முழு த்ராட்டில் கொடுத்தால் ஆள் பக்கவாட்டில் திரும்பிவிடுவார். விசை இறக்கையின் திசையை விட்டு விலகி வேறெங்கோ தள்ளும். நேராகப் போக வேண்டும் என்று அவர் எதிர்ப்பக்க பிரேக்கை இழுப்பார். இறக்கையின் அந்தப் பாதி தூக்குவிசையை இழந்துவிடும், மறுபாதி அதைச் சுற்றிச் சுழலும். அப்போது செய்ய வேண்டியது த்ராட்டிலை விட்டுவிட்டுக் கையை உயர்த்துவதுதான். எஞ்சின் நிற்பதே விபத்து என்று பயின்றவர் ஓடும் எஞ்சினைத் தானே விடுவாரா?

“அதிக சக்தி அதிகப் பாதுகாப்பு” என்ற விற்பனைப் பேச்சு எவ்வளவு தீங்கானது என்பது இங்கேதான் தெரிகிறது. இத்தாலியின் விட்டொராசி நிறுவனத்தின் மோஸ்டர் 185 இன்று எங்கும் காணப்படும் எஞ்சின். சுமார் 25 குதிரைத் திறன், எழுபத்தைந்து கிலோ அளவுக்கு உந்துவிசை. கனமானவருக்கும் இருவர் பறப்பதற்கும் அருமையான எஞ்சின். அறுபது கிலோ எடையுள்ள புதியவருக்கு அது அவருடைய எடைக்கு மேல் தள்ளும். அவருக்கு 80 சிசி எஞ்சின் போதும், முதுகுச் சுமையும் குறையும். கடைகளில் எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்?

“பெரிய வீரர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, கற்காதவர்கள்தான் விழுகிறார்கள்” என்பார்கள். ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னரைத் தெரியாதவர் இல்லை. 2012 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் ராஸ்வெல் பகுதியில், சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து உயிரோடு இறங்கியவர். பாராசூட்டைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர்கள் உலகில் சிலரே. 2025 ஜூலை 17 அன்று இத்தாலியின் போர்ட்டோ சாண்டெல்பீடியோவில், பாராமோட்டாரில் பறந்தபோது கட்டுப்பாடு இழந்து விழுந்து இறந்தார்.

“ரிஃப்ளெக்ஸ் இறக்கை மடங்காது” என்பது அடுத்த கதை. பின்விளிம்பு சற்றே மேல்நோக்கி வளைந்த இறக்கை அது. இறக்கையின் வேகத்தை மாற்றும் பட்டையான ட்ரிம்மரைத் திறந்துவிட்டு வேகமாகப் போகும்போது அது உறுதியாக நிற்கும், உண்மைதான். அதே நிலையில் வழக்கமான பிரேக்கை ஆழமாக இழுத்தால் அந்த உறுதி குலைந்து முன்விளிம்பு மடங்கலாம். நுனியை மட்டும் திருப்பும் கைப்பிடிகளைத் தயாரிப்பாளர்கள் தருவது அதனால்தான். இறக்கையில் ஒட்டிய ஈஎன் ‘ஏ’ என்ற ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனை முத்திரையைக் காட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சோதனையில் முதுகில் எஞ்சின் இல்லை.

“வேகம் குறைவு, அதனால் அடி படாது.” மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் மின்கம்பியில் மோதினாலும் மரணம்தான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் “எஞ்சின் நின்றால் மெல்ல நீரில் இறங்கிவிடலாம்” என்கிறார்கள். நெஞ்சிலும் இரண்டு தொடைகளிலும் பட்டை, முதுகில் முப்பது கிலோ, தலைக்கு மேலிருந்து வந்து விழும் கயிறும் துணியும். இவற்றோடு நீரில் விழுந்தவர், நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும், முகம் கவிழ்ந்து மூழ்கக்கூடும். காயமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேல் ஆழத்திலும் எழ முடியாமல் போகலாம். நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் மிதவைகள் விற்பனைக்கு இருக்கின்றன. கூண்டிலேயே கட்டிக்கொள்ளலாம். கடற்கரையில் பறக்கும் பலரின் கூண்டில் கேமராவுக்குத் தாங்கி இருக்கிறது, மிதவை இல்லை. கோவா கடற்கரையில் பணம் கொடுத்து முன்னிருக்கையில் ஏறும் பயணிகளுக்கும் இதே பாராசூட் கதை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது.

தரையைவிட்டு எழுவதற்கு முன்பே நேரும் காயம் இன்னொன்று இருக்கிறது. சுழலும் ப்ரொப்பல்லரில் கை படுவது இந்த விளையாட்டின் கடுமையான காயங்களில் முதல் வரிசையில் வருவது. ஒருவர் இயந்திரத்தைத் தரையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்கிறார். த்ராட்டில் சிக்கியிருக்கிறது. எஞ்சின் உயிர் பெற்றதும் முழு விசையில் அவர்மேல் பாய்கிறது. தடுக்கப் போன கை கூண்டின் வலையோடு உள்ளே போகிறது. வளையாத கூண்டும் கை நுழையாத நெருக்கமான வலையும் இருந்தால் விரல்கள் தப்பும். கிளப்பும்போது எஞ்சின் வேகம் எல்லை மீறினால் அதே நொடியில் அதை அணைத்துவிடும் சிறிய மின்கருவியும் கிடைக்கிறது. எஞ்சின் நின்றுபோவதை மட்டுமே ஆபத்தாகக் காட்டும் விற்பனையாளர், எஞ்சினை நிறுத்துவதற்கென்றே செய்த இந்தக் கருவியைத் தன் விலைப்பட்டியலின் கடைசி வரியில், விருப்பமிருந்தால் வாங்கலாம் என்று போடுகிறார்.