அகரம் பெற்ற கடவுளர்

"சுரர் அல்லாதவர் அசுரர்" என்று இலக்கணம் பேசுகிறார் பண்டிதர். சுத்தம் – அசுத்தம், நீதி – அநீதி; அதுபோலச் சுரர் – அசுரர் என்கிறார். கேட்க எவ்வளவு எளிமை! எவ்வளவு பொருத்தம்! அந்தப் பொருத்தத்திலேதான், தோழர்களே, இருக்கிறது புரட்டு.

சொல்லின் தலையிலே அகரத்தை ஒட்டி எதிர்மறை ஆக்குவது வடமொழி வழக்கம். தமிழோ கல்லாமை, பொய்யாமை, கொல்லாமை என மறுப்பைப் பின்னே வைக்கும். தமிழில் முன்வரும் அகரம் சுட்டு. அது நிற்க.

முன்னொட்டையே முதுகெலும்பாகக் கொண்ட மொழி ஆப்பிரிக்காவின் சுவாகிலி. அதில் 'கிசு' என்றால் கத்தி. 'விசு' என்றால் கத்திகள். 'கி' ஒருமை, 'வி' பன்மை. அந்த மொழிக்குள் அரபியிலிருந்து 'கிதாப்' என்ற சொல் நுழைந்தது. அதன் முதலெழுத்து சொல்லின் உடம்பு, ஒட்டு அன்று. ஆயினும் மக்கள் அதையும் ஒட்டென்றே கொண்டு, 'கிதாபு' ஒரு நூல், 'விதாபு' பல நூல்கள் என்றனர். தவறான பிரிப்புத்தான். அதனால் எவர் குடியும் கெடவில்லை.

வடமொழியில் நடந்ததும் அதே பிழை, விளைவுதான் வேறு. இருக்கு வேதத்தின் பழம்பாடல்களிலே 'அசுரன்' வசைச்சொல் அன்று. ஆற்றல் மிக்க தலைவனைக் குறிக்கும் பெருமைச் சொல். வருணனுக்கு அது பட்டம். இந்திரனுக்கும் அக்கினிக்குங்கூட உண்டு! ஈரானியரின் அவெஸ்தாவில் அதே சொல் 'அகுரா' என ஒலிக்கிறது. அங்கே அகுரா மசுதாதான் முழுமுதற் கடவுள். 'தேவ' என்பதன் உறவான 'தயேவ' தீய சக்திகளின் பெயர்!

ஆக, அசுரனின் அகரம் மறுப்பு அன்று. அச்சொல்லைப் பகைவர்க்குரிய இழிபெயராக்கிய பிற்காலத்தார், தலையை வெட்டினர். எஞ்சிய முண்டத்துக்குச் 'சுரர்' என்று பெயரிட்டு மாலை சூட்டினர். அசுரர் முந்தியவர், சுரர் பிந்தியவர். இலக்கணப் பிழையிலே பிறந்த பெயர் தேவர்களுக்கு!

பெயர் பிறந்துவிட்டதே, காரணம் வேண்டாமா? வால்மீகி இராமாயணத்துப் பாலகாண்டம் ஒரு காரணம் கட்டுகிறது. பாற்கடல் கடைந்தபோது மதுவின் தலைவியாம் வாருணி தோன்றினாளாம். அவளை ஏற்றவர் சுரர், மறுத்தவர் அசுரர்! 'சுரா' என்றால் மது.

பண்டிதரிடமே அந்தப் பகுதியைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கூட்டத்திலே சேர விருப்பம் என்று பிறகு கேளுங்கள்.