நிலத்தை விற்றவர் எங்கே வாங்குவது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், சூலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். முதலில் அகலச் சாலை வருகிறது. பின்னாலேயே தொழிற்சாலை வருகிறது. அதற்கும் பின்னால் மனைக்கல் நடுகிறார்கள். இடையில் அகப்பட்ட இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் விவசாயிக்கு வரத்துக் கால்வாய் தூர்ந்துபோகிறது. நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார். விற்பதா, வேண்டாமா என்பது அவரவர் குடும்ப விஷயம். ஆனால் புது நிலம் தேடும்போது பெரும்பாலோர் ஏக்கர் விலையை முதலிலும் தண்ணீரைக் கடைசியிலும் விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

ஒரு ஏக்கர் விற்ற பணத்தில் ஐந்து ஏக்கர் வாங்கலாம் என்று தரகர் சொன்னால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இரண்டு ஏக்கரை வீட்டு ஆட்களை வைத்தே பார்த்துவந்த குடும்பம், ஐந்து ஏக்கருக்குத் தெரியாத ஊரில் கூலி ஆள் தேட வேண்டியிருக்கும். அதோடு, மலிவாகக் கிடைக்கும் நிலம் மலிவானதற்கு ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் கிணற்றுக்குள்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டிப்பாறை பூமி. பாறை வெடிப்பில் தங்கும் நீர்தான் கிணற்றுக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில், மழை பெய்து முடிந்த தை மாதத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். தரகர்கள் நிலம் காட்ட விரும்புவதும் அப்போதுதான். வாங்குகிறவர் போய்ப் பார்க்க வேண்டியது சித்திரை, வைகாசியில். மோட்டாரைப் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் நீர் ஊறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விற்கிறவரைக் கேட்பதைவிட அடுத்த வரப்புக்காரரைக் கேட்பது மேல். அவர் எத்தனை ஆழ்துளை போட்டார், அதில் எத்தனை பொய்த்தது என்பதே போதும். பிர்க்கா வாரியாக நிலத்தடி நீரைக் கணக்கிட்டு, அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டது, பாதுகாப்பானது என்று அரசு வகைப்படுத்துகிறது. அதையும் கேட்டறியலாம். ஒரு பாட்டில் தண்ணீரையும் கொஞ்சம் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டால் உவர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வரப்போரம் வெள்ளை பூத்திருந்தால் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பணம் கையில் இருந்தால் கரைந்துவிடும், வரியும் வரும் என்ற பயத்தில் அவசரப்படுகிறவர்கள் உண்டு. நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பாலுள்ள கிராம விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகரை ஒட்டிய நிலமாக இருந்தாலும், விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அதில் தாமோ பெற்றோரோ பயிர் செய்திருந்து, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் வரிச்சலுகை உண்டு. அதுவரை பணத்தை வங்கியில் இதற்கென்று உள்ள கணக்கில் கெடு தவறாமல் போட்டு வைக்க வேண்டும். ஆடிட்டர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. ஆக, இரண்டு கோடையைப் பார்க்கச் சட்டமே இடம் தருகிறது. அதில் ஒரு போகமாவது அந்த ஊரில் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுப் பார்க்கிறவர் கெட்டுப்போக மாட்டார்.

அடுத்தது திசை. ஒரு சாலையால் கிளம்ப நேர்ந்தவர் அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி வாங்குகிறார். மறுபடி விலை ஏறும் என்ற கணக்கு. ஏறலாம், பயிர் செய்கிறவருக்கு அது மறுபடி மூட்டை கட்டுகிற கணக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் விமான நிலையம் வரும் என்று 2022-இல் அறிவித்தார்கள். அதுவரை அங்கே நெல் விளைந்த ஏரிப்பாசன ஊர்கள்தான் இருந்தன. செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஆகவே தாலுகா அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் அந்தச் சர்வே எண்ணைக் காட்டிக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. டெல்டாவுக்குப் போனால் பயமில்லை என்பார்கள். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்ற சில புதிய தொழில்களைத்தான் தடுக்கிறது, மனைப்பிரிவுகளை அல்ல.

கைப்பழக்கத்துக்கு ஏற்ற மண்ணா என்பதை யாரும் யோசிப்பதில்லை. செம்மண்ணில் நிலக்கடலை போட்டுப் பழகியவருக்குக் கரிசல் வேறு உலகம். ஈரம் மிஞ்சினால் கலப்பையில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் வெடித்துப் பாளமாகிவிடும். இடையில் கிடைக்கிற சில நாட்களில் உழுதாக வேண்டும். கற்றுக்கொள்ள முடியாதது அல்ல. ஆனால் ஐம்பது வயதில் விற்ற பணத்தையெல்லாம் போட்டுவிட்டுக் கற்பது கஷ்டம்.

பத்திரத்தைப் பொறுத்தவரை வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல் எல்லாம் பார்ப்பது இன்று எல்லோருக்கும் தெரியும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கினால் செல்லாது. கோயில் நிலமும் அப்படியே. பலர் கோட்டை விடுவது வண்டிப்பாதையில்தான். விற்கிறவர் பங்காளி நிலத்தின் வழியாக டிராக்டர் ஓட்டிப் போயிருப்பார்; புதிதாக வந்தவருக்கு அந்த வழி கிடைக்காது. பாதையும், கிணற்றில் பங்கும், தண்ணீர் முறை எந்த நாள் என்பதும் கிரயப் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இலவச மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். புது இணைப்புக்கு மனு போட்டால் நெடுநாள் காத்திருக்க நேரிடும்.

பழைய ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்த உறுப்பினர் கார்டு புது ஊரில் உதவாது. கிரயம் முடிந்த கையோடு புது ஊர்ச் சங்கத்தில் சேர மனு கொடுத்துவிட்டால், முதல் சாகுபடிக்குக் கந்து வட்டிக்காரரிடம் போகாமல் தப்பலாம்.