நத்தார் விருந்தின் ஈற்றுப் பணியாரம்

மார்கழி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கும் இந்நாள்களில், கிறித்தவ இல்லங்கள் தோறும் நத்தார் விருந்துக்கான ஆயத்தங்கள் நடைபெறுகின்றன. எங்கள் கல்லூரியில் என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் ஆசிரியர் அறையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, நத்தாருக்கு இருபது பேர் சாப்பிட வருகினம். சோறு, கறி எல்லாம் முடிவாச்சு. கடைசியிலை வைக்கிற இனிப்புத்தான் இன்னும் முடிவாகேல்லை. கேக்கோ, புடிங்கோ, வட்டிலப்பமோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்றார். உடனிருந்தோர் நகைத்தனர். புணரியல் கற்பிக்கும் பண்டிதனிடம் புடிங்கைப் பற்றிக் கேட்பதா என்பது அவர்கள் எண்ணம். எனக்கோ நகை வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யான் தீர்க்காதிருக்கும் கடன் ஒன்றை அவ்வினா நினைவூட்டியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

உணவு முடிந்தபின் இனிப்பைத் தனியே வைத்தல் நம்முடைய பழைய இலை முறையன்று. பாயாசம் வந்தபின்னும் மோரோ தயிரோ வந்தே நமது இலை நிறைவுறும். ஆங்கிலேயர் 'டெசேட்' என வழங்குஞ் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பரிமாறியவற்றை எடுத்து மேசையைத் துப்புரவு செய்தல் என்பதே அதன் அடிப்பொருள். மேசை துப்புரவான பின் வருவதாதலின் அப்பெயர் பெற்றது. ஆகவே வழக்கமும் பெயரும் கடல் கடந்து வந்தவையே. நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்பதன் திரிபு அன்றோ?

அதனால் இவ்வழக்கத்தைத் தள்ளிவிட வேண்டும் என யான் கூறவில்லை. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர், பிற நிலத்துச் சொற்களுக்கும் தமிழ்ச் செய்யுளில் இடமளித்தார். அவ்வாறு வந்த சொற்களால் தமிழ் குன்றவில்லை. நம் பணியாரத் தட்டின் கதையும் அத்தகையதே. போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டு இத்தீவை அடைந்தனர்; பாண் என்ற சொல்லும் விசுக்கோத்து என்ற சொல்லும் அவர்களிடமிருந்து நமக்குக் கிடைத்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மொழியில் சிறு பணியாரத்தைக் குறிக்கும் சொல்லே இன்று கொக்கிஸ் என வழங்குகிறது. தொதல் மலாய் மொழிப் பெயர். தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பமும் இந்நாட்டு மலாயர் வழியாகவே பரவிற்று எனக் கூறுவர்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களைத் தற்சமம், தற்பவம் எனப் பகுத்துக் காட்டுவர் நம் இலக்கண நூலார். வந்தவாறே நிற்பது தற்சமம். தமிழின் இயல்புக்கேற்பத் திரிந்து நிற்பது தற்பவம். இலங்கையின் நத்தார் கேக் இவற்றுள் தற்பவ வகையைச் சார்ந்தது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை. வாதுமைப் பருப்புக்குப் பதிலாகக் கஜு எனப்படும் மரமுந்திரிகைப் பருப்பு. சீனிப்பாகில் ஊறிய பழத்தோலோடு நீற்றுப்பூசணித் தோசியும் இஞ்சித் தோசியும். அந்த மரமுந்திரிகையும் பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கேயர் கொணர்ந்ததே. தோசி என்பதும் இனிப்பைக் குறிக்கும் அவர்கள் சொல்லே. வாரக்கணக்கில் ஊறவைத்துச் சுட்டு, சிறு துண்டுகளாக வெட்டித் தாளிற் சுற்றி அயலாருக்கு வழங்கும் அந்தக் கேக்கை அந்நியப் பண்டம் என இகழ்தல் அறியாமை.

அதே வேளையில், இன்ன இனிப்பு இல்லாவிடின் நத்தார் நத்தாராகாது என்பாரும் அறியாமையுடையரே. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையையே நீக்கி ஆணையிட்டது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 தொடக்கம் 1681 வரை நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கச் சட்டம் இருந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் அந்த நியூ இங்கிலாந்து மரபில் வந்தவரே. சமயத்தில் உறுதி மிக்கோர் கேக்கும் புடிங்கும் இன்றி வாழ்ந்தனர். ஆகவே இனிப்பைத் தெரிவு செய்தல் சமயத்தின்பாற் பட்டதன்று. முழுதும் விருந்தோம்பலின்பாற் பட்டது.

இனி என் கடனைக் கூறுகிறேன். அது 1993ஆம் ஆண்டு நத்தார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சீனியும் அருமையாகிவிட்டன. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலேதான் மாணவர் படித்தனர். கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்த கிறித்தவ நண்பர் ஒருவர் என்னை விருந்துக்கு அழைத்தார். யான் சைவ உணவினன் என்பதறிந்து மரக்கறியே சமைத்திருந்தனர். உண்டு முடித்ததும் நண்பரின் தாயார் ஒரு சிறு தட்டிற் கேக் துண்டொன்றைக் கொணர்ந்து என்முன் வைத்தார். இரண்டு மாதமாகப் பங்கீட்டுச் சீனியைச் சிறிது சிறிதாக எடுத்துவைத்து, சட்டியின் மேலும் கீழும் தணலிட்டுச் சுட்டது அது. யான் அதனை நோக்கி, "முட்டை சேர்ந்ததோ?" என வினவி, விடை வருமுன்னரே தட்டை அப்பால் நகர்த்தினேன். அக்காலத்தில் என் நோன்பில் எனக்குச் சிறிது செருக்கும் இருந்தது.

அம்மூதாட்டியார் சினக்கவில்லை. "தம்பி, உங்களைக் கேட்டெல்லோ செய்திருக்க வேணும், பிழை என்னிலைதான்" என்று சொல்லி உள்ளே சென்றார். திரும்பி வரும்போது கையில் ஒரு பனங்கட்டிக் குட்டானும் இரண்டு இதரை வாழைப்பழங்களும் இருந்தன. ஓலைக் குட்டானைத் தம் கையாலேயே பிரித்து வைத்தார். அதிலும் இனிய ஈற்றுணவை யான் இன்றுவரை உண்டதில்லை. "உங்களிற் பிழையில்லை, ஆச்சி" என்று அப்போதே கூறியிருக்க வேண்டும். நாணத்தினால் வாய் எழவில்லை. பின்னொரு நாள் கூறலாம் என்றிருந்தேன். 1995இன் இடப்பெயர்வு எல்லோரையும் திசைக்கொருவராக்கியது. அதன்பின் அவரை யான் காணவில்லை.

ஆதலின் அந்த ஆசிரியைக்கு யான் முதலிற் கூறியது, வருவோரைக் கேட்டறிந்து தெரிவு செய்க என்பதே. ஒரே மேசையில் சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் அமரும் நாடு இது. கேக்கிலும் வட்டிலப்பத்திலும் முட்டை உண்டு. பிரண்டி சேர்த்த கேக்கை இசுலாமிய அன்பர் உண்ணார். பலரும் எண்ணிப் பாராதது ஜெலியில் உள்ள ஜெலற்றின். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதற்கு மாற்றாகக் கடற்பாசி இருக்கிறது. கடைகளிற் சைனா கிராஸ் எனக் கேட்டாற் கிடைக்கும். புத்தளக் களப்பில் விளையும் ஒருவகைப் பாசி இலங்கைப் பாசி என்றே உலகில் பெயர் பெற்றது. கடற்பாசியைக் காய்ச்சித் தேங்காய்ப்பாலும் பனங்கட்டிப் பாகும் சேர்த்து ஊற்றிவைத்தால், குளிர்சாதனப் பெட்டி இன்றியே உறையும். ஜெலற்றின் நம் நாட்டு வெப்பத்தில் இளகிவிடும்; கடற்பாசியோ இளகாது நிற்கும். இசுலாமிய இல்லங்களில் நோன்பு துறக்கும் வேளையில் இது விருப்பமான உணவு. முட்டை சேராத பயற்றம்பணியாரமும் அரியதரமும் நம் வீடுகளில் எப்பண்டிகைக்கும் சுடப்படுவனவே.

இரண்டாவதாகக் கூறியது, அளவு. நெய்ச்சோறும் இறைச்சியும் உண்ட வயிற்றுக்கு மேலும் நெய்யும் பாகும் ஏற்றுதல் உபசாரமன்று. நீரிழிவு உடையார் இல்லாத பந்தி இன்று அரிது. பனங்கட்டி நம் மண்ணின் பொருள் என்பதனால் அவர்க்குத் தீங்கு செய்யாது எனக் கருதுவோர் உளர். அதுவும் இனிப்பே, அவர்க்கு அளவாக நறுக்கிய பப்பாசிப்பழம் நன்று.

மூன்றாவதாகக் கூறியது, கடன் பட்டு இனிப்பு வாங்கற்க என்பது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வருகின்றனர் என்பதற்காகக் காதணியை ஈடு வைத்து, மாடி மாடியாக அடுக்கிய கேக்கைக் கொழும்பிலிருந்து தருவித்த குடும்பத்தை யான் அறிவேன். பாட்டியார் இடித்துச் சுட்ட பயற்றம்பணியாரம் அன்று அடுக்களையிலேயே மூடிக் கிடந்தது. வந்த உறவினரோ அதனையே தேடினர் என்பது பின்னர்த் தெரிந்தது. 2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாள்களையும் நாம் மறத்தலாகாது. அந்த ஆண்டும் நத்தார் வந்தது. இருந்ததைக் கொண்டே மக்கள் கொண்டாடினர்.

ஆசிரியை முடிவு செய்துவிட்டார். அவர் இல்லத்து மேசையில் இவ்வாண்டு இரு தட்டுகள் இருக்கும். ஒன்றில் அவர் தாயார் கைப்பட ஊறவைத்த கேக். மற்றொன்றில் யாரும் மறுக்க வேண்டாத கடற்பாசி. என்னையும் அழைத்திருக்கிறார். செல்வேன். இம்முறை எதனை உண்பேன், எதனை உண்ணேன் என்பதை முன்னரே பணிவுடன் சொல்லிவிட்டேன். விருந்தினருக்கும் அக்கடமை உண்டு என்பதை அந்த ஓலைக் குட்டான் எனக்குக் கற்பித்தது.

நேயர் அனைவருக்கும் என் நத்தார் நல்வாழ்த்துகள்.