ஒரே மெயிலில் விலை படிந்தால் உஷார்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் சில மாதங்களில் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய பொருளை விற்க விளம்பரம் கொடுப்பது. கட்டில், மிக்ஸி என்று தொடங்கி கார் வரை போகிறது. இதில் தவறில்லை. புரோக்கர் கமிஷன் மிச்சம். வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் முழுக்கச் சேதி போய்விடுகிறது. நானும் என் பழைய ஸ்கூட்டரை அப்படித்தான் விற்றேன்.

ஆனால் வாங்க வருபவர் கடல் கடந்து இருக்கிறார், காரைப் பார்க்காமலேயே பணம் தருகிறேன் என்கிறார் என்றால், அங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் டி.என். 13 பதிவு எண்ணில் ஒரு மிட்சுபிஷி லான்சர் இருந்தது. 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் தயாரிக்கத் தொடங்கிய கார் அது. நான்கு கதவு கார்தான். ஆனால் ரேலி பிரியர்களைக் கேட்டால் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார்கள். நண்பரும் சஸ்பென்ஷனை மாற்றி, பந்தய சீட் பொருத்தி, பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்தில் சில முறை ஓட்டியவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் காரை விற்க முடிவு செய்தார். மூன்றேகால் லட்சம் ரூபாய் என்று விலை போட்டு, பத்து போட்டோக்களுடன் இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்தார்.

இரண்டே நாளில் மெயில் வந்தது. இங்கிலாந்துக்காரராம், கப்பலில் இன்ஜினியராம். அப்பாவின் பிறந்த நாளுக்குப் பரிசளிக்க இந்தக் கார்தான் வேண்டுமாம். பேரம் இல்லை. முழு விலையும் சம்மதம். கப்பலில் இருப்பதால் போன் பேச முடியாது, மெயில் மட்டும்தான் என்று எழுதியிருந்தார். ஆர்.சி. புத்தகம், பான் கார்டு, ஆதார் மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார். நண்பரும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒரு பிரபல பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில், அச்சு அசலான லோகோவுடன் இன்னொரு மெயில். "உங்கள் கணக்கில் 4,10,000 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இதில் 85,000 ரூபாய் காரை ஏற்றிச் செல்லும் ஏஜெண்டுக்கு உரியது. முதல் தவணையை ஏஜெண்டுக்கு நீங்கள் அனுப்பி, ரசீது எண்ணைத் தெரிவித்தவுடன் முழுத் தொகையும் விடுவிக்கப்படும்" என்றது. வீட்டம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 38,000 ரூபாய் போனது. அடுத்த நாள் "கஸ்டம்ஸ் கட்டணம்" என்று இன்னும் ஒரு தொகை கேட்டபோதுதான் நண்பர் எனக்குப் போன் செய்தார்.

"சார், அவர் பணம் போட்டுட்டார். எடுக்கத்தான் முடியல" என்றார்.

பணம் போடவே இல்லை. வந்தது ஒரு கடிதம் மட்டும்தான்.

மெயில் என்பது போஸ்ட் கார்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். திரையில் "வரவு" என்று தெரிவதும், கணக்கில் வரவு ஆவதும் ஒன்றல்ல. இ-மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-ல் வகுக்கப்பட்டது. அதில் அனுப்புநர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. போஸ்ட் கார்டின் "அனுப்புநர்" இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதே கதைதான்.

பின்னாளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற சோதனைகள் வந்தன. ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் முடிவு தெரியும். "ஃபெயில்" என்றிருந்தால் சந்தேகிக்கலாம். ஆனால் "பாஸ்" என்றிருந்தால் நம்பிவிடலாமா? கூடாது. அந்த முகவரியிலிருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அந்த முகவரியே மோசடிக்காரர் சொந்தமாக வாங்கியதாக இருக்கலாம். என் நண்பருக்கு வந்த மெயிலில் நிறுவனத்தின் பெயர் சரியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறு கோடும் இன்னொரு சொல்லும் ஒட்டியிருந்தன. டொமைன் பதிவு விவரத்தை "ஹூ இஸ்" தேடலில் பார்த்தோம். பதிவு செய்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

ஆகவே ஒரே வழிதான். மெயிலில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். உங்கள் வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய் இருப்பைப் பாருங்கள். அல்லது பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நடந்து போங்கள். அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை.

இந்தக் காரை எந்த நாட்டுக்கு ஓட்டிப் போவார்?

கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காரைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே நண்பர் தப்பித்திருப்பார். நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். அமெரிக்கா, வளைகுடா நாடுகளில் இடப்பக்கம். அமெரிக்காவின் பாதுகாப்புத் தர விதிகளுக்கு ஏற்ப செய்யப்படாத காரை அங்கே கொண்டுபோக, பொதுவாக அது 25 ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வலப்பக்க ஸ்டியரிங்தான். ஆனால் மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை அங்கே இறக்குமதி செய்ய விடுவதில்லை. இலங்கை 2020-ல் வாகன இறக்குமதியையே நிறுத்தி வைத்து, 2025-ல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது.

இங்கிலாந்தில் வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் ஏராளம். அங்கே கிடைக்கும் பழைய லான்சர்களை விட்டுவிட்டு, கப்பல் கூலி, வரி எல்லாம் கட்டி அம்பத்தூரிலிருந்து ஒருவர் ஏன் வரவழைக்க வேண்டும்?

கப்பலில் ஏற்றுவதும் ஏஜெண்டுக்குக் கூலி கொடுத்தவுடன் முடிகிற காரியமல்ல. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து ஆட்சேபணையில்லாச் சான்று பெற வேண்டும். கடன் இருந்தால் படிவம் 35 மூலம் அதை நீக்க வேண்டும். கஸ்டம்ஸில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய வேண்டும். வியாபார ரீதியான ஏற்றுமதி என்றால் ஐ.ஈ.சி. எண்ணும் தேவை. நண்பருக்கு வந்த பதினெட்டு மெயில்களில் இவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு கேள்வி இல்லை.

நல்ல வாங்குபவரை எப்படி அடையாளம் காண்பது? அவர் குறை சொல்வார். பானெட்டைத் திறக்கச் சொல்வார். டயர் தேய்ந்திருக்கிறது, கியர் இறுகுகிறது, சஸ்பென்ஷனை ஏன் மாற்றினீர்கள், பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு எஃப்.சி. புதுப்பித்தீர்களா என்று குடைவார். கடைசியில் நாற்பதாயிரம் குறைத்துக் கேட்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரே மெயிலில் விலை படிந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பணத்தை விடப் பெரிய இழப்பு

38,000 ரூபாயோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு பஸ் ஏறி நண்பர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அட்வான்ஸ் இருபதாயிரம் அனுப்பிட்டேங்க. காரை எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார். கையில் நண்பரின் ஆர்.சி. நகல், ஆதார் நகல், காரின் போட்டோ எல்லாம் இருந்தன. நண்பர் அனுப்பிய அதே ஸ்கேன்கள். அவர் பெயரிலேயே இன்னொரு விளம்பரம் போட்டு, பாதி விலைக்குக் காரைத் தருவதாகச் சொல்லி யாரோ பணம் வசூலித்திருக்கிறார்கள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியவர் சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் ஏமாந்தவன்தாங்க" என்று நண்பர் சொன்னதை அவர் நம்புவதற்கு மதியம் ஆகிவிட்டது. பணம் போனதற்குக்கூட நண்பர் அவ்வளவு வருந்தவில்லை. தன் பெயரை வைத்து இன்னொரு ஏழை ஏமாந்ததுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

அதனால் சொல்கிறேன், ஆவணங்களின் ஸ்கேன் என்பதும் பணம்தான். காரைப் பார்க்க நேரில் வராதவருக்கு ஆர்.சி.யோ, ஆதாரோ அனுப்பாதீர்கள். வந்தவருக்கு அசலைக் காட்டுங்கள், போதும். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "இன்னாருக்கு, இன்ன தேதியில், இந்தக் கார் விற்பனைக்கு மட்டும்" என்று குறுக்கே பெரிதாக எழுதிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள். விளம்பரப் போட்டோவில் பதிவு எண்ணை, விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமிலேயே மறைத்துவிடலாம். செல்போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கக்கூடும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்தால்?

எல்லா வெளிநாட்டு மெயிலும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆவடியிலும் திருமுல்லைவாயலிலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு கார் வாங்கித்தர நினைப்பவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்டவர் மறைந்து பேச மாட்டார். இங்குள்ள அண்ணனோ மாமாவோ மெக்கானிக்கோடு வந்து வண்டியைப் பார்ப்பார். பணம் அவருடைய என்.ஆர்.ஐ. வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வரும். ஆர்.டி.ஜி.எஸ். வசதி 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை எந்த நாளிலும் அனுப்பலாம். "பேங்க் லீவு, பணம் நடுவில் நிற்கிறது" என்ற சாக்குக்கு இப்போது இடமில்லை.

பணம் வாங்க உங்கள் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் போதும். வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராக வந்தால் ஸ்விஃப்ட் எண்ணும் தேவைப்படும். ஓ.டி.பி., பாஸ்வேர்டு, யு.பி.ஐ. பின் எதுவும் பணம் பெறத் தேவையில்லை. பின் எண் போடச் சொன்னாலே பணம் உங்களிடமிருந்து வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். பேபால் பற்றியும் ஒரு வார்த்தை: வாங்குபவர், விற்பவர் பாதுகாப்புத் திட்டங்களில் அந்த நிறுவனம் வாகனங்களைச் சேர்ப்பதில்லை.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. படிவம் 29, 30 ஆகியவற்றை வெற்றாகக் கையெழுத்துப் போட்டு எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயரை எழுதி, நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். அம்பத்தூருக்கு டி.என். 13 அலுவலகம், பூந்தமல்லிக்கு டி.என். 12. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். 2022 முதல் நம் பகுதிக்கு ஆவடி போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது. மெயில்களை அழிக்காமல் பிரிண்ட் எடுத்துப் போங்கள். ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. என் நண்பர் நான்கு நாள் தாமதித்தார். 38,000 ரூபாய் திரும்பவில்லை.

கார் என்ன ஆனது என்கிறீர்களா? நண்பர் மறுபடியும் இன்டர்நெட்டில்தான் விளம்பரம் கொடுத்தார். இந்த முறை "நேரில் வருபவர்களுக்கு மட்டும்" என்று முதல் வரியிலேயே போட்டார். பட்டாபிராமிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். ஒரு மணி நேரம் குறை சொன்னார். 2,85,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டர் நமக்கு ஆளை அறிமுகப்படுத்தி வைக்கட்டும். வியாபாரம் வாசலில் நடக்கட்டும்.