ஓர் உயிரெழுத்தின் வழக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வேதியியல் படிப்பவனுக்கு ஆங்கிலக் கவிதையில் என்ன வேலை என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். கவிஞர் கீட்ஸ் இலண்டனில் ஒரு மருத்துவமனையில் பயின்று 1816-ல் மருந்தாளராக உரிமம் பெற்றவர் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பகுதி இரண்டு ஆங்கிலத்தில் நாம் எல்லோருமே கவிதை படிக்கிறோம். படிக்கிறோம் என்பதைவிடக் கூறு போடுகிறோம் என்பதே பொருந்தும். கவிஞனின் குரல் எது, படிமங்கள் எவை, தன்னடையாளம் எப்படி வெளிப்படுகிறது என்று தனித்தனியாகக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்கிறோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கொடுத்தால் நேர் அயனியைத் தனியாகவும் எதிர் அயனியைத் தனியாகவும் கண்டு எழுதுவோமே, அதைப் போல. உப்புக்கு அது சரி. கவிதைக்குச் சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் கவிதையில் குரல் என்பது அணி அலங்காரம் அன்று. அங்கே சண்டையே அதைப் பற்றித்தான். படிமமும் தன்னடையாளமும் அந்தச் சண்டையில் பிறந்த பிள்ளைகள்.

டோனி ஹாரிசன் 1937-ல் லீட்ஸ் நகரில் ஒரு ரொட்டி சுடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பதினோராம் வயதில் உதவித்தொகை பெற்று லீட்ஸ் கிராமர் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும் படித்தார். அவர் வீட்டில் அதற்கு முன் யாரும் அந்தப் படிப்புப் படித்ததில்லை. 'நம்மை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கற்றறிந்த இங்கிலாந்து 'அஸ்' என்கிறது. லீட்ஸ் தெருக்கள் 'உஸ்' என்கின்றன. இந்த ஓர் உயிரெழுத்தைத் தலைப்பிலேயே வைத்து ஹாரிசன் இரண்டு கவிதைகள் எழுதினார். வகுப்பில் கீட்ஸை வாசிக்க எழுந்த மாணவனைச் சில சொற்களிலேயே ஆசிரியர் மடக்கி உட்கார வைக்கிறார். மாக்பெத் நாடகத்தில் குடிகார வாயிற்காவலன் வேடம்தான் அவனுக்குக் கிடைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கீட்ஸே இலண்டனில் குதிரை லாயம் நடத்தியவரின் மகன். 1818-ல் ஒரு பத்திரிகை அவரைக் 'காக்னி' என்று, அதாவது இலண்டன் பாமரப் பேச்சுக்காரர் என்று, எள்ளி நகையாடியது. இறந்த பிறகு அவர் கனவான் ஆகிவிட்டார். அவர் கவிதையைக் கொண்டே இன்னொரு பாமரன் வீட்டுப் பிள்ளையின் வாயை அடைக்கிறார்கள்!

முதலாண்டில் ஒரு நாள் எழுந்து நின்று என் பள்ளியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். 'இஸ்கூல்' என்றேன். பின்வரிசை சிரித்தது. அதன்பின் ஆறு மாதம் நான் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. ஆதலால் அந்தக் கவிதையை நூலகத்தில் படித்தபோது நான் யார் பக்கம் என்று எனக்குச் சந்தேகமே எழவில்லை. சந்தேகம் பிறகு வந்தது.

ஹாரிசன் தன் தாய் தந்தையரைப் பற்றி எழுதிய கவிதைகள் பதினாறு வரிச் சானட்டுகள். சானட் என்றால் பதினான்கு வரி என்று படித்திருக்கிறோம். ஜார்ஜ் மெரடித் 1862-ல் பதினாறு வரியில் ஒரு தொடர் எழுதினார். அந்த வடிவத்தை ஹாரிசன் எடுத்துக்கொண்டார். மேட்டுக்குடியின் பழைய பாத்திரத்தில் அப்பாவின் பேச்சை அப்படியே ஊற்றி வைக்கிறார். அந்தத் தொடரில் ஒரு கவிதை: தாய் இறந்த அன்று இரவு, அவள் கடைசியாகச் சுட்டுவைத்த ஆப்பிள் பணியாரத்தைத் தந்தையும் மகனும் பேசாமல் உட்கார்ந்து தின்கிறார்கள். அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இரு முனையிலும் முட்டுக் கொடுத்து வைப்பார்களே, அந்த இரண்டு முட்டுகளைப் போல இருக்கிறார்கள். இருவரையும் பிரிப்பது வயதன்று, கோபமன்று, மகன் படித்த புத்தகங்கள்தாம். படிமம் என்றால் இது. தனியாகப் பிரித்தெடுத்து ஐந்து மதிப்பெண் போட முடியுமா இதற்கு?

அதன் இரண்டாம் பகுதியில் கல்லறைக் கல்லில் என்ன பொறிப்பது என்ற பேச்சு வருகிறது. படித்த மகனுக்கு ஒரு வாசகம் கிடைக்கவில்லை. தந்தை எழுதி வைத்ததோ பிழை மலிந்தது. ஆனாலும் அதிலிருக்கும் அன்புக்கு மேல் தன்னால் எதுவும் சேர்க்க இயலாது என்று மகன் ஒப்புக்கொள்கிறான்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். சென்ற ஆண்டு பங்குனியில் என் அப்பத்தா காலமானார். என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத வராது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பா ஒரே ஒரு வரி சொன்னார். "கஞ்சி ஊத்தி எங்களக் காப்பாத்துன எங்காத்தா"ன்னு போடப்பா என்றார். நான் போடவில்லை. அது சுவரொட்டி நடையில்லை என்று எனக்குப் பட்டது. 'மண்ணுலக வாழ்வு நீத்து விண்ணுலகு எய்திய' என்று தொடங்கி எட்டு வரி எழுதினேன். அச்சகத்தில் பாராட்டினார்கள். சுவரொட்டியை எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார்கள். அப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்; என்னிடம் எதுவும் கேட்கவில்லை. லீட்ஸ் பள்ளியில் அந்தச் சிறுவனை மடக்கிய ஆசிரியரின் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

ஹாரிசனின் 'வி.' என்னும் நெடுங்கவிதையும் கல்லறைக் கவிதையே. 1984-85-ல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் நடந்த காலத்தில் எழுதப்பட்டது. பெற்றோரின் கல்லறையில் காற்பந்து ரசிகர்கள் கெட்ட வார்த்தைகளை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இளைஞனோடு கவிஞர் கற்பனையில் வாதாடுகிறார். கடைசியில் அவனும் தானும் ஒருவரே என்று தெரிகிறது. இடுகாட்டின் அடியில் கரி தோண்டியெடுத்துக் காலியான சுரங்கம் இருக்கிறது. மேலே இருக்கும் கல்லறைகள் சாய்கின்றன. 1987-ல் தொலைக்காட்சியில் அதை ஒளிபரப்பியபோது கெட்ட வார்த்தைகளை எண்ணிப் பத்திரிகைகள் கூச்சலிட்டன. அடியில் மண் வெறுமையாக இருப்பதைப் பற்றி அவ்வளவு கூச்சல் இல்லை.

பிலிப் லார்கினைப் பற்றி ஒரு வார்த்தை. ஹல் பல்கலைக்கழக நூலகராயிருந்தவர். 1964-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற தொகுதியின் தலைப்புக் கவிதையில் ஹல்லிலிருந்து இலண்டன் போகும் இரயில் ஒவ்வொரு நிலையத்திலும் புதுமணத் தம்பதிகளை ஏற்றிக்கொள்கிறது. நடைமேடையில் வழியனுப்ப நிற்கும் உறவினரின் உடுப்பையும் உடம்பையும் கவிஞர் சன்னல் வழியே கண்டு எழுதுகிறார். மிக நேர்த்தியான கவிதை; முடிவில் வரும் மழைப் படிமம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் அதைப் படிக்கும்போது இரயிலுக்குள் இருப்பதில்லை. நடைமேடையில் என் சித்தப்பாவோடும் அத்தையோடும் நிற்கிறேன். ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் இதை ஒப்பமாட்டார்கள். பொறுத்தருள்க.

ஷேமஸ் ஹீனி 1939-ல் வட அயர்லாந்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1995-ல் நோபல் பரிசு பெற்றார், 2013-ல் மறைந்தார். 1966-ல் வந்த முதல் தொகுதியின் முதல் கவிதையிலேயே தந்தை மண் தோண்ட, மகன் சன்னலருகே பேனாவோடு இருக்கிறான். தானும் பேனாவால் தோண்டப்போவதாக முடிக்கிறான். உலகமெங்கும் பாராட்டப்பட்ட முடிவு. எனக்கென்னவோ அதில் முழு நிறைவில்லை. மண்வெட்டி பிடித்தவனுக்கு மாலையில் முதுகு வலிக்கும். மூட்டை சுமந்து வந்த அப்பாவின் தோளுக்கு அம்மா தைலம் தேய்க்கும்போது, நானும் பேனாவால் சுமக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே ஹீனி தாய் 1984-ல் இறந்த பின் எழுதிய எட்டுச் சானட்டுகள் வேறு ரகம். அவற்றில் ஒன்றில், மகனுக்கு முன் பெரிய சொற்களைத் தாய் வேண்டுமென்றே தவறாகச் சொல்வதுபோல் தோன்றுகிறது; மகனும் வீட்டுக்குள் வந்தால் தான் கற்ற இலக்கணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறான். இன்னொன்றில் இருவரும் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறார்கள், அவ்வளவுதான். தோண்டும் கவிதையைவிட இந்தத் தோல் சீவும் கவிதைக்கே நான் ஓட்டுப் போடுவேன். ஹீனியின் வழியைச் சென்ற விடுமுறையில் வீட்டில் முயன்றும் பார்த்தேன். "ஏண்டா, எங்களக் கேலி பண்ணுறியா?" என்று அம்மா கேட்டுவிட்டார்.

'பிரிட்டிஷ் கவிதை நம்மை ஆண்டவர்களின் கவிதை, நமக்கெதற்கு?' என்று ஒரு நண்பர் வாதிட்டார். அதே பெயரை ஏற்க ஹீனியே மறுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. 1982-ல் வெளிவந்த சமகாலப் பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பு ஒன்றில் அவருக்கு முதலிடம் தந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே, தான் பிரிட்டிஷ்காரன் அல்லன், ஐரிஷ்காரன் என்று செய்யுளிலேயே ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். லின்டன் குவெஸி ஜான்சன் 1952-ல் ஜமைக்காவில் பிறந்து 1963-ல் இலண்டன் வந்தவர். ஜமைக்கா மக்கள் பேசும் ஆங்கிலத்தை அந்த ஒலிப்படியே எழுத்துக் கூட்டி எழுதினார். 1981-ல் இலண்டன் நியூ கிராஸ் பகுதியில் ஒரு வீட்டில் நடந்த தீவிபத்தில் கறுப்பின இளைஞர் 13 பேர் மாண்டதை அந்த மொழியில்தான் பாடினார். அந்தத் துக்கத்தை 'நல்ல' ஆங்கிலத்துக்கு மாற்றினால் அது வேறு யாருடைய துக்கமாகவோ ஆகிவிடும். 2002-ல் பெங்குவின் நிறுவனம் தன் நவீனச் செவ்வியல் வரிசையில் அவரைச் சேர்த்தது. ஆண்டவர்களின் வீட்டிலேயே இத்தனை பேர் தங்கள் வாய்மொழிக்காக வழக்காடியிருக்கும்போது அதைப் படிப்பதில் நமக்கென்ன இழுக்கு?

வருகிற பங்குனியில் அப்பத்தாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். மறுபடியும் சுவரொட்டி அடிக்க வேண்டும் என்கிறார் அப்பா. பொங்கலுக்குப் போயிருந்தபோது தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க சொல்லுங்கப்பா, அப்படியே எழுதுறேன்" என்றேன். சிறிது நேரம் தாளையே பார்த்தார்.

"நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாததா? நல்லாப் போடு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.